தாளின் பின்பக்கம்

மண்டபம் முகாமில்
வடக்கு ஜன்னலைத் திறந்தால் பெண்கடல்,
தெற்கைத் திறந்தால் ஆண்கடல்.
இரண்டையும் ஒருசேரத் திறந்தால்
மேசைமேல் விரித்த வரைபடம் பறந்துவிடும்.
முதல் நாள் ஒன்றைத்தான் திறந்துவைத்தோம்,
எதை என்பதற்கே ஒரு வாக்குவாதம்.

நான் கடற்படை. ஜுலைகா வெளியுறவு.
பயிற்சித் தாளில் எதிர்நாட்டின் பெயர் மஞ்சள்.
நாங்கள் பச்சை.
படகு, ஒரு தீக்குச்சி.

எஞ்சின் நின்றது, கச்சான் தள்ளுகிறது என்று
கேப்டன் ரொட்ரிகோ ஒற்றை விரலால் நகர்த்த
தீக்குச்சி கோட்டைத் தாண்டிக் கிடந்தது.
"உடனடியாக ஏதாவது செய்யுங்கள்."

உடனடியாக என்றால் எனக்கு நான்கு நிமிஷம்.
அவளுக்கு வியாழக்கிழமைக்குள்.

நான் கப்பலைக் கிளப்பினேன்.
அவள் கடிதத்தைத் தொடங்கினாள்.
கோட்டருகே என் கப்பலைப் பார்த்த மஞ்சள் நாடு
அவள் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்தது.
கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று
என் தலைமையகம் என் கப்பலை நிறுத்தியது.
நாலரை மணிக்கு
"நான் பின்வாங்கவில்லை" என்றேன்.
"நான் ஒரு சொல் தவறவில்லை" என்றாள்.

ரொட்ரிகோ தீக்குச்சியை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"மூழ்கி ஒரு மணி நேரம் ஆச்சு.
அந்தத் தாளைத் திருப்பிப் பாத்தீங்களா, யாராச்சும்?"

பின்பக்கத்தில் ஆறு பெயர்கள்.
லியோன்சன், முனியாண்டி, செய்யது இபுராகிம்
என்று இறங்கிப்போய்
கடைசியில் கிளாட்வின், வயது பத்தொன்பது.
குறிப்பு: நீச்சல் நன்றாகத் தெரியும்.

அன்றிரவு மெஸ்ஸில் நகரைமீன் குழம்பு.
ஜுலைகா கீழக்கரைக்காரி,
முள்ளை நாக்காலேயே பிரித்துவிடுவாள்.
அன்று தட்டில் அப்படியே விட்டிருந்தாள்.

மறுநாள் நாற்காலி மாறியது.
கடிதம் எனக்கு, கப்பல் அவளுக்கு.

"உடனே விடுவிக்கவும்" என்று எழுதி நீட்டினேன்.
கப்பலேறப் போனவள் நின்று படித்தாள்.
"இதுக்கு முடியாதுன்னு மட்டுந்தான் சொல்ல முடியும்."
"அப்ப கெஞ்சவா?"
"இல்ல. தலை இடிக்காம உள்ள வந்து
சரின்னு சொல்ல ஒரு நிலைவாசல் விடுங்க."

பதினோரு தடவை எழுதினேன்.
துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதுபோலத்தான்;
ஒரு திருகாணி மிஞ்சினாலும் எங்கோ தப்பு.
பன்னிரண்டாவதில்
'விடுவிக்க' போய் 'கரைசேர' வந்தது.

கப்பலில் அவளுக்கு மூன்று முறை வாந்தி.
மஞ்சள் கொடி கட்டிய படகு
வேகம் குறைக்காமல் நேரே வந்தபோது
துப்பாக்கியருகே நின்ற பையனின் கழுத்தில்
ஒரு நரம்பு துடித்ததைப் பார்த்திருக்கிறாள்.
"அவங்க சுடமாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"
"தெரியாது மேடம்."

கரையிறங்கி, ஷூவில் நிறைந்த தண்ணீரைக் கவிழ்த்தபடி
"நாலு நிமிஷம் இவ்வளவு நீளமா" என்றாள்.

பிறகு ஒரு நோட்டு வாங்கினோம், நாற்பது பக்கம்.
உடனடியாக: மணி குறிப்பிடுக.
எச்சரிக்கை: வாயாலா, விளக்காலா, குண்டாலா?
ஆழ்ந்த கவலை: அவள் ஊழியர்கள் மேசையைத் தட்டுவது.
தயார் நிலை: என் ஆட்கள் தூங்காதிருப்பது,
போருக்குப் போவது அல்ல.
அடித்துத் திருத்தி, எண்ணெய்க் கறை பட்டு,
ஒரு பக்கத்தில் யாரோ வைத்த டீ வளையம்.

மூன்றாம் நாள் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன.
வரைபடத்தின் மேல் நான்கு குவளைகள்.
என் கப்பல் கோட்டுக்கு இரண்டு மைல் முன்பே நின்றது,
எங்கே நிற்கும் என்பதை
அவள் கடிதம் முன்கூட்டியே சொல்லியிருந்தது.
இருட்டுவதற்குள் மஞ்சள் நாடு
கயிறு கட்டி இழுத்துவந்து ஒப்படைத்தது.

ரொட்ரிகோ பையிலிருந்து தீக்குச்சியை எடுத்துக்
கரையில் வைத்தார். பாராட்டவில்லை.
"ஆறு பேரும் வந்தாச்சு. சரி.
பெட்டியில முன்னூறு கிலோ நண்டு இருக்கே,
அது பச்சையோடதா, மஞ்சளோடதா?"

நான் நோட்டைப் புரட்டினேன்.
ந வரிசையில் நல்லிணக்கம் இருந்தது.
நண்டு இல்லை.

"ஐஸ் எத்தனை மணி தாங்கும்?" என்றாள் ஜுலைகா.